வெளுத்த தொப்புள் ரத்தம்

டாக்டர் ரொஸ்மாலா கண்ணாடிக் குழாயை வெளிச்சத்தில் தூக்கிக் காட்டினார். ரியாவ் எண்ணெய்ப்பனைத் தோட்டங்களில் எந்தப் பிள்ளை பிறந்தாலும் தொப்புள்கொடி ரத்தத்தை எடுத்துக் கொழுப்பு எவ்வளவு என்று பார்ப்பது அவர் வேலை. என் மகனின் ரத்தத்தைச் சுழற்றி வைத்திருந்தார். சிவப்பு அடியில் தங்கியிருக்க, மேலே தேங்காய்ப்பால் மாதிரி வெள்ளை.

"இது தெளிவா இருக்கணும், துமினி. இளம் மஞ்சளா."

"கொழுப்பு நெறைய இருந்தா நல்லதுதானே டாக்டர்?"

"ஒடம்புல இருந்தா நல்லது. ஒங்க பிள்ளை எலும்பும் தோலுமா இருக்கான். வயித்துக்குள்ள அவனுக்குச் சரியா சத்துப் போகல. இருந்த கொஞ்சத்தையும் கரைச்சு ரத்தத்துல விட்டிருக்கான். ஒங்களுக்கு ரத்தக் கொதிப்பு இருந்திருக்கு. கால் வீங்கலையா?"

வீங்கியது. எங்களை வேலை வாங்கும் மேஸ்திரி, மண்டோர் கஸ்துவிடம் காட்டினேன். ஏழாம் மாதம். ஆஸ்பத்திரிக்குப் போக ஒரு நாள் கேட்டேன். அத்தனை பெண்கள் முன்னால் என் காலைக் குனிந்து பார்த்துவிட்டு, "யானைக்கு எதுக்கு ஆஸ்பத்திரி? அது காட்டுலயே ஈனும்" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், வேலை வேண்டியிருந்தது. உர வாளியைத் துணியில் கட்டித் தோளில் மாட்டிக்கொண்டு பனைக்கு உரம் போடப் போனேன்.

"இதுதான் காரணம்னு ஒண்ணைச் சொல்ல முடியாது" என்றார் டாக்டர். படித்தவர், அப்படித்தான் பேசுவார். எனக்கு ஒன்று போதும்.

மகன் கண்ணாடிப் பெட்டிக்குள் மூக்கில் குழாயோடு கிடந்தான். கண்ட இடமெல்லாம் எண்ணெய் காய்க்கும் காட்டில் பிறந்தவனுக்குப் பிட்டத்தில் ஒரு பிடி சதை இல்லை.

நஞ்சுக்கொடியைப் பையில் போட்டுத் தந்தார்கள். ஜாவாக்காரர்கள் அதை ஆஸ்பத்திரியில் விட்டு வரமாட்டோம். அது பிள்ளையோடு கூடப் பிறந்தது. கழுவி, துணி சுற்றி, பானையில் வைத்து வாசலில் புதைப்போம். ஆண் பிள்ளைக்கு வலப்பக்கம், பெண்ணுக்கு இடப்பக்கம். தொப்புள் உதிரும்வரை மேலே விளக்கு எரியும். அதற்கு ஒன்று ஆனால் பிள்ளைக்கு ஆகும்.

மறுநாள் காலை என் புருஷன் சக்கிமான், நான் மாஸ் என்று கூப்பிடுபவர், புளி போட்டு அதைக் கழுவினார்.

"நம்ம வாசல்ல ஈரம் அதிகம். கொஞ்சம் தள்ளித் தோண்டவா?"

"நம்ம வாசல்ல இல்ல, மாஸ். கஸ்து வாசல்ல."

அவர் கை அப்படியே நின்றது. "பைத்தியமா ஒனக்கு? வேலை போயிடும்."

"போகட்டும். நீங்க வரலேன்னா நானே தோண்டுறேன். தையல் பிரிஞ்சா பிரியட்டும்."

முனகிக்கொண்டே மண்வெட்டியை எடுத்தார்.

காலையில் ஆட்களை வேலைக்குப் பிரித்து அனுப்புவது மண்டோர் வீட்டு வாசலில்தான். எல்லோரும் நின்றிருந்தார்கள். சக்கிமான் வலப்பக்கம் தோண்டி, பானையை இறக்கி, மண்ணைத் தள்ளினார். கஸ்து சட்டைப் பொத்தானைப் போட்டபடி வெளியே வந்தான். அவனை நாங்கள் பாக், அதாவது ஐயா, என்றுதான் கூப்பிட வேண்டும்.

"ஏய், என் வீட்ல என்ன பொதைக்கிறே?"

"யானைக்குட்டியோட கொடி, பாக். காட்டுலயே ஈனும்னு சொன்னீங்களே."

"எடு. இப்பவே எடு."

"நீங்களே எடுங்க. மண்வெட்டி இந்தா இருக்கு. பிள்ளை இன்னும் பெட்டிக்குள்ள மூச்சுக்குத் தவிக்குது. நீங்க தோண்டின நேரம் அது போச்சுன்னா, யார் பண்ணதுன்னு இத்தனை பேருக்கும் தெரியும்."

அவனும் ஜாவாக்காரன்தான். மண்வெட்டியைத் தொடவில்லை. அவன் மனைவி மெனிக் ஐந்து மாத வயிற்றைக் கையால் பொத்திக்கொண்டு, "தொடாதீங்க, தொடாதீங்க" என்று அழுதாள். அவள் எனக்கு எதுவும் செய்தவள் அல்ல. தெரிந்துதான் செய்தேன்.

"விளக்குக்கு நீங்கதான் ஊத்தணும், பாக். ஒங்களுக்கு எண்ணெய்க்கா பஞ்சம்?"

ஊற்றினான். மழைக்குத் தகரம் சாய்த்தான், நாயைக் கல்லால் அடித்தான், கோழியைக்கூடக் கிட்டே விடவில்லை. பெண்கள் வேண்டுமென்றே, "பாக், பிள்ளை தூங்கவிட்டானா?" என்று கேட்டுவிட்டு வேலைக்குப் போனார்கள். கால் வீங்கிய எவளாவது வந்து நின்றால் பேசாமல் லாரியில் ஏற்றி ஆஸ்பத்திரிக்கு அனுப்பினான். அவனுக்கு இரக்கம் வந்துவிட்டது என்றார் சக்கிமான். பயம் என்றேன் நான்.

தொப்புள் உதிர்ந்து, மகன் வீட்டுக்கு வந்தான். நாலு வாய் குடித்தால் களைத்துப்போவான். நாலு மாதம் கழித்து மெனிக்குக்கும் ஆண் பிள்ளை பிறந்தது. அவள் பிள்ளையின் கொடி ரத்தம் தெளிந்த மஞ்சளாக இருந்ததாம், நர்ஸ் சொன்னாள்.

அன்று சாயங்காலம் கஸ்து புதுப்பானையை நெஞ்சோடு அணைத்தபடி என் வாசலுக்கு வந்தான்.

"துமினி, ஆண் பிள்ளைக்கு வலப்பக்கம்தான், என் வாசல்ல அங்க ஒன் மகனோடது இருக்கு. பக்கத்துல வைக்கிறேன். நீ சரின்னு சொல்லணும். ரெண்டும் கூடப் பொறந்த மாதிரி இருக்கட்டும்."

என் மடியில் மகன் பால் குடிக்கவே மூச்சு வாங்கிக்கொண்டிருந்தான்.

"வேணாம், பாக். என் மகனுக்கு அந்த உறவு வேணாம்."

"அப்ப நான் எங்கதான் பொதைக்கிறது?"

"உரக் கிடங்குக்குப் பின்னால எடம் கெடக்கு. நான் இவனைச் சுமந்துக்கிட்டு நின்ன எடம்."

"அங்க புல்லுகூட முளைக்காதே."

"தெரியும்."

அவன் பானையோடு நின்றான். நான் மகனை அடுத்த மார்புக்கு மாற்றிப் போட்டேன்.