அசைபோடாத மாடு

வெள்ளிக்கிழமைதோறும் பூஜை முடிந்ததும் மீனலோசனி மாடி வராந்தாவில் நின்று, "லட்சுமி, வா" என்று கூப்பிடுவாள். தெருவில் நிற்கும் சீனியம்மாளின் மாடு நிமிர்ந்து பார்க்கும். மிஞ்சிய சோறும் காய்த்தோலும் ஒரு கேரி பேக்கில் இறுக முடிந்து மேலிருந்து விழும். அவிழ்த்துப் போட்டால் வாசலெல்லாம் சோறு சிதறும். கீழ்வீட்டார் சண்டைக்கு வருவார்கள். மாட்டைக் கும்பிட்டுவிட்டு உள்ளே போய்விடுவாள்.

அந்த மாட்டின் பாலைத்தான் அவள் வீட்டிலும் வாங்கினார்கள். சில நாளாகப் பால் வரவில்லை என்று, சந்துக்கோடியில் இருந்த கொட்டகைக்கே போனாள்.

"என்ன சீனியம்மா, மாடு லீவு போட்டுருச்சா?"

வாசலில் நின்ற சீனியம்மாள் சிரிக்கவில்லை. "அசைபோடலக்கா. வயித்துல கன்னு வேற கெடக்கு."

உள்ளே, மாட்டின் இடது விலாவைக் கீறி, கால்நடை மருத்துவர் ஜெயபாண்டி தோள்வரை கையை உள்ளே விட்டிருந்தார். கை வெளியே வரும்போதெல்லாம் பைகள் வந்தன, கயிறாக முறுக்கிக்கொண்டு. ஒன்று மட்டும் அவிழாமல் இருந்தது. உள்ளே சோறு கறுத்திருந்தது. இரட்டை முடிச்சுப் போட்டு நுனியை உள்ளே செருகுவது மீனலோசனியின் பழக்கம்.

"இத அவுத்துத் திங்கத் தெரியாதா சார், மாட்டுக்கு?" மீனலோசனி அந்த முடிச்சைத் தொட்டுப் பார்த்தாள்.

"மேல்வரிசையில முன்பல்லே கெடையாதும்மா. அப்படியே முழுங்கிட்டு, பெறகு சாவகாசமா வாய்க்குக் கொண்டாந்து மெல்லும். அதுக்குச் செரிமானமே அப்பிடித்தான். இந்தப் பை மேலயும் வராது, கீழயும் போகாது. இம்புட்டையும் சுமந்துக்கிட்டுப் பட்டினி கெடந்திருக்கு." தையல் போட்டு முடித்தார். "விடியறதுக்குள்ள அசைபோட்டாப் பொழச்சுக்கும்."

மீனலோசனி வீட்டுக்குப் போகவில்லை. இரண்டு பெண்களும் மாட்டின் தாடையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். ஒருமுறை அது அசைந்தது. வெறும் பெருமூச்சுதான். விளக்கு வைக்கும் நேரத்தில் மாடு தலையைத் தரையில் சாய்த்தது. வயிற்றுக்குள் கன்று கொஞ்ச நேரம் புரண்டது. பிறகு அதுவும் அடங்கியது.

"சீனியம்மா, புண்ணியம்னு நெனச்சுத்தான்..."

"தெரியும்க்கா. நானுந்தான் வைக்கோல் வாங்க வக்கில்லாம தெருவுல மேய விட்டேன்."

சீனியம்மாள் மாட்டின் கழுத்துக் கயிற்றைக் கழற்றினாள். அதைச் சுருட்டி மடியில் வைத்துக்கொண்டு சொன்னாள்.

"வாயில்லாச் சீவனுக்குக் குடுக்கிறவுக, அது வயித்துக்குள்ள என்ன போகுதுனு நின்னு பாக்கணும்க்கா. கீழ எறங்கி வந்து பாக்க முடியலைனா, குடுக்காமயே இருந்துருங்க. அதுதான் புண்ணியம்."