ஒரே லேபிளில் இரண்டு தேசம்

1

இந்தக் கதை எனக்கு ஒரு பீர் லேபிளிலிருந்து கிடைத்தது. பாட்டிலைப் பார்த்ததில்லை, சத்தியமாக. திருப்பூர் மண்ணரையில் லேபிள் அச்சடிக்கும் கம்பெனியில் டிசைனராக இருக்கும் பிரிசில்லா கொடுத்தாள்.

நொய்யலில் சாயம் ஓடிய ஒரு காலையில் பிரிசில்லா... [வேண்டாம். திருப்பூர் என்றதும் அந்த ஆற்றை இழுத்துவருவது எங்களுக்கெல்லாம் ஒரு கெட்ட பழக்கம்.]

2

ஆர்கானிக் பனியன் வாங்கும் வெளிநாட்டு பையர் பீரும் விற்கிறார்; அதன் லேபிளும் இந்தக் கம்பெனிக்கே வந்தது. அதில் பார்லி மட்டும்தான் ஆர்கானிக். அமெரிக்காவில் இறக்கினால், சான்று தந்தவர் பெயரோடு, அதை முன்பக்கமே சொல்லிக்கொள்ளலாம். ஜெர்மனியில் பின்பக்கப் பொருள்பட்டியலில் மட்டும். முன்பக்கம் மூச்சுவிடக் கூடாது.*

பழனிக்கு மாலை போட்டிருந்த முதலாளி கந்தவேல், பீர்ப் படத்தைப் பார்க்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டே சொன்னார்: "ரெண்டு லேபிள் எதுக்கு கண்ணு? பனியனுக்கு வாஷ்கேர் லேபிள்ல பதினோரு பாஷையும் ஒண்ணாப் போட்டு எல்லா நாட்டுக்கும் அனுப்பறமல்லங்க? அதே மாதிரி போட்ருங்க. மாலையோட நான் இதுல கையெழுத்துப் போடக் கூடாது. நீங்களே போட்ருங்க."

போட்டாள்.

* பெண் வீட்டுக்கு வீடு மாப்பிள்ளையின் சம்பளம் மாறுவதில்லையா, அப்படித்தான்.

3

முன்பக்கத்தில் 'ஆர்கானிக்' இருந்ததால் ஜெர்மனியில் சரக்கு நின்றுவிட்டது. லேபிளுக்கு ஒப்புதல் கொடுத்தது யார் என்று பையர் கேட்டார். காகிதத்தில் இருந்தது ஒரே கையெழுத்து.

"தப்பு என்னுதுன்னு உங்க பேர்ல ஒரு மெயில் போட்ருங்க கண்ணு. பனியன் லேபிள் ஆர்டராச்சும் தங்கும்."

"எம் பேரு கெட்டுப்போச்சுன்னா வேற எந்தக் கம்பெனியில சேத்துக்கிடுவாங்க சார்?"

"முருகன் பாத்துக்குவானுங்க."

"அவரு மெயில் பாப்பாரா சார்?"

4

கந்தவேலை வில்லனாக்கப் பார்த்தேன். அன்று மதியம் அன்னதானத்தில் அவளுக்குத் தன் கையாலேயே சோறு போட்டு, "இன்னுங் கொஞ்சம் வைங்க" என்று சாம்பாரும் ஊற்றவைத்தார். என் வில்லன் கெட்டான்.

சரி, முடிவு. (அ) அவள் மெயில் போடுகிறாள், பையர் பெருந்தன்மையாக... [பையர்களை எனக்குத் தெரியும்.] (ஆ) மறுத்து வேலையை விடுகிறாள். [வீட்டு வாடகையை நானா கொடுக்கப்போகிறேன்?]

இரண்டையும் வைத்துவிட்டேன், எல்லா வாசகருக்கும் ஆகட்டுமென்று. கந்தவேல் செய்த அதே வேலைதான்.

5

நேற்று பிரிசில்லாவிடம் கதையைக் காட்டினேன். படித்துவிட்டுக் கேட்டாள்: "கதைக்கு யாரு பேருண்ணே போடுவீங்க?"

"என் பேர்தான்."

"அப்ப தப்புக்கு மட்டுந்தான் எம் பேரா?"

எனக்கு வெட்கமாக இருந்தது. மெயில் அவள் கணினியில் அனுப்பாமல் கிடக்கிறது. எனக்கு அதை முடிக்கத் தெரியவில்லை. பேனா இருந்தால் நீங்கள் முடியுங்கள்:

'இந்தத் தவறுக்குப் பொறுப்பு ____________'