ஊதி நூர்த்த நெருப்புக்குச்சி

“நித்திரை கொண்டிட்டன் எண்டு ஒரு சொல்லுச் சொன்னால் உங்களுக்கு என்னப்பா குறைஞ்சு போகும்?” அன்னபாக்கியம் பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடியும் கேட்டபோது முதிரை மரத்தடியில் ஊர் கூடிவிட்டிருந்தது. அவள் புருசன் அப்புத்துரை மர வேரில் குந்தியிருந்தார். நித்திரை கொள்ளாத மனிசன் நித்திரை கொண்டதாக எப்படிச் சொல்வது? விடிந்ததிலிருந்து அவருக்கு இதே எரிச்சல்தான்.

ஒட்டுசுட்டானுக்கு அப்பால், காடு வெட்டிக் கொடுத்த அந்தக் குடியேற்றத்தில், கதிர் முற்றத் தொடங்கினால் வீட்டுக்கு ஒருவர் முறைவைத்துப் பரணில் காவல் இருப்பார்கள். யானை வந்தால் யானைவெடி எறியவேண்டும். அந்த வெடியின் திரி குட்டையானது. பற்றிக்கொண்டால் யோசிக்க நேரமில்லை, எறிந்தே ஆகவேண்டும். ஆகவே யோசிக்க இருப்பதெல்லாம் நெருப்புக்குச்சிக்கும் திரிக்கும் நடுவில் உள்ள அந்தச் சின்ன இடைவெளிதான். முதல்நாள் இரவு யானை வீரகத்தியின் வயலில் இறங்கியது. அப்புத்துரை குச்சியைக் கிழித்தார். பிறகு ஊதி நூர்த்துவிட்டார். விடியும்போது வீரகத்தியின் நெல்லில் பாதியைக் காணவில்லை.

காவல்காரன் அயர்ந்துபோனால் ஊர் மன்னிக்கும். நட்டத்தை எல்லோரும் பகிர்ந்துகொள்வார்கள். வேண்டுமென்றே விட்டவனுக்கு அது கிடையாது. அவனைக் காவலிலிருந்து விலக்கிவிடுவார்கள். அவன் வயலுக்கும் ஒருவரும் காவல் இருக்கமாட்டார்கள். அறுவடைக்கோ இன்னும் நாள் இருந்தது. யானைக்கோ வழி தெரிந்துவிட்டது.

காவலுக்குப் பொறுப்பான பரமலிங்கம் தொண்டையைச் செருமினார். “அப்புத்துரை, அந்த நேரம் உனக்குத் தலை கிலை சுத்தினதே?”

“இல்லை அண்ணை.”

“கண் இருட்டினதே?”

“யானையை வடிவாக் கண்டனான்.”

“பின்னை ஏன்ராப்பா எறியேல்லை?”

“எறியேல்லை. அவ்வளவுதான்.”

“அப்ப இது மந்திரக்கட்டுத்தான்,” என்றார் பரமலிங்கம் நிம்மதியோடு. “ஆரோ உன்ரை கையைக் கட்டிப்போட்டான்.”

வீரகத்தி துள்ளி எழும்பினார். “கட்டும் மண்ணாங்கட்டியும்! போன மாசம் நான் வாய்க்கால் தண்ணியை முந்தித் திருப்பினதுக்குப் பழி தீர்த்தவர்.”

“பழி தீர்க்கிறதெண்டால் யானைக்கு உன்ரை வீட்டையெல்லோ காட்டியிருப்பன்.”

பெண்கள் பக்கம் சிரிப்பொலி கேட்டது. யோகலிங்கம் வாத்தியார் கையை உயர்த்தினார். பயிற்சிக் கல்லூரியில் மனோதத்துவம் படித்துவிட்டு அந்த வருடம்தான் வந்திருந்தார். இப்படி ஒரு நாளுக்காகவே காத்திருந்தவர் போல முகம் மலர்ந்திருந்தது.

“ரெண்டுபேரும் சொல்லுறது அரைவாசி சரி. கோவம் இருந்தது, ஆனால் அடிமனசிலை. அதுதான் கையைப் பிடிச்சது. அண்ணை செய்யேல்லை, அடிமனசு செய்தது. அண்ணையைக் குற்றம் சொல்லேலாது.”

“எனக்கு ஒரு கோவமும் இல்லைத் தம்பி.”

“அது உங்களுக்குத் தெரியாது அண்ணை. தெரிஞ்சால் அது அடிமனசில்லை.”

“இருக்கெண்டு சொன்னால்?”

“இருக்குத்தானே.”

“இல்லையெண்டு சொன்னால்?”

“ஒளிச்சிருக்கு.”

அப்புத்துரைக்கு அந்த முதிரையிலேயே தலையை முட்டவேண்டும் போலிருந்தது. “கிழிச்சதும் நான். ஊதினதும் நான். வேறை ஒருத்தரும் பரணிலை இருக்கேல்லை!”

“சரி, ஏன் ஊதினனீங்கள்?”

அப்புத்துரைக்கும் அதைச் சொல்லத்தான் விருப்பம். ஆனால் எப்படிச் சொல்வது? யாழ்ப்பாணத்திலிருந்து அவரை லொறியில் ஏற்றி வந்தது தகப்பன். காணியைத் தந்தது சீட்டுக் குலுக்கல். விதைக்கும் நாளைச் சொல்வது தண்ணீர் திறந்துவிடும் அரசாங்கக் கந்தோர். கலியாணம்கூடப் பெரியவர்கள் பேசி முடித்துவிட்டுத்தான் அவருக்குச் சொன்னார்கள். அந்தப் பரணில் மட்டும், விரலிடையில் சுடர் நின்றபோது, எறிவதும் எறியாததும் இரண்டும் ஒரே அளவாக அவர் முன்னால் கிடந்தன. எந்தப் பக்கத்திலிருந்தும் ஒருவரும் கூப்பிடவில்லை. சுடர் நகத்தைத் தொட்டது. ஊதினார். காரணம் ஒன்று சொன்னால், அந்தக் காரணம்தான் கையைப் பிடித்தது என்பார் வாத்தியார். காரணமில்லை என்றால் பரமலிங்கம் மந்திரக்கட்டு என்பார். எப்படிச் சொன்னாலும் அந்த ஊதல் அவரிடமிருந்து பறிபோய்விடும்.

பரமலிங்கம் மஞ்சள் நீரில் நனைத்த நூலை எடுத்தார். “கையை நீட்டு. கட்டு அவிண்டிட்டுது எண்டு எல்லாரும் ஒத்துக்கொள்ளுவம். நட்டத்தை எல்லாரும் பகிருவம். பிறகு கதையில்லை.”

“நூல் கட்டினால் மனசு ஆறும். அதுவும் மனோதத்துவந்தான்,” என்றார் வாத்தியார்.

“எனக்கு நெல்லு வந்தால் சரி,” என்று வீரகத்தியும் குந்திவிட்டார்.

அன்னபாக்கியம் முன்னால் வந்துவிட்டாள். அவள் குரலில் இப்போது கோபம் இல்லை. “கையைத்தானேயப்பா கேக்கினம். எங்கடை வயலைப் பாருங்கோ.”

அவர் பார்த்தார். வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் அவருடைய நெல் தலை சாய்ந்து நின்றது. பிறகு மடியைப் பார்த்தார். அங்கே வலக்கை கிடந்தது, பெருவிரல் நகத்தோரம் குச்சி சுட்ட கறுப்போடு. எல்லோரும் அந்தக் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அது என்ன செய்யப் போகிறதென்று அவரும் பார்த்துக்கொண்டிருந்தார். நூலின் நுனியிலிருந்து மஞ்சள் நீர் சொட்டிக்கொண்டிருந்தது.