சுவருக்கு மேலே அரை முழம்

கெனெவேயின் அறைக்கும் பக்கத்து அறைக்கும் நடுவே இருந்த சுவர் கூரையைத் தொடவில்லை. அரை முழம் மிச்சம் வைத்துக் கட்டியிருந்தார்கள். ரோமா என்ற அந்த மலையூரில் பல்கலைக்கழக மாணவர்களுக்கு வாடகைக்கு விடும் வரிசை அறைகள் பெரும்பாலும் அப்படித்தான். நீளமாக ஒரு தகரக் கூரை, அதன் கீழே ஆறு கதவுகள். ஓர் அறையில் தும்மினால் மூன்றாவது அறையிலிருந்து திட்டு வரும்.

பக்கத்து அறையில் மோதியேஹி இருந்தாள். சட்டம் படிப்பவள், கெனெவேயைவிடச் சற்று மூத்தவள். இருவருக்கும் பேச்சுவார்த்தை எல்லாம் அந்த இடைவெளி வழியாகத்தான். "அக்கா, உப்பு இருக்கா?" என்று கெனெவே குரல் கொடுத்தால் பொட்டலம் சுவரைத் தாண்டிப் பறந்து வந்து கட்டிலில் விழும். "தலையில விழுந்துச்சா, சட்டியில விழுந்துச்சா?" என்று அந்தப் பக்கத்திலிருந்து கேள்வியும் வரும்.

அங்கே ஜூன் மாதம்தான் குளிர்காலம். மலைமேல் பனி விழத் தொடங்கியதும் அந்த இடைவெளி வழியாக உப்பைவிடக் குளிர்தான் அதிகம் வந்தது. கடைசி அறையில் ஜன்னல் கண்ணாடி உடைந்து கிடந்தது. அங்கே நுழைந்த காற்று சுவர் சுவராக ஏறி இறங்கி கெனெவேயின் போர்வைக்குள் வந்து படுத்துக்கொண்டது. உதவித்தொகையில் கையில் மிஞ்சியது கொஞ்சம்தான். ஹீட்டர் வாங்க வழியில்லை. இருப்பதை வைத்து அறையை ஒப்பேற்றிவிடுவது என்று முடிவு கட்டினாள்.

மோதியேஹி ஒரு சாவுக்காகச் சொந்த ஊரான கூத்திங்குக்குப் போயிருந்த வாரம் அது. கெனெவே செங்கல்லும் பலகையும் பொறுக்கி வந்து புத்தக அலமாரி அடுக்கினாள். மாவு மூட்டைகளைப் பிரித்துத் தைத்துத் திரை தொங்கவிட்டாள். யாரோ விட்டுப்போன இரண்டு டப்பாப் பெயின்டைக் கலந்து சுவருக்கு அடித்தாள். அந்த நிறத்துக்கு என்ன பெயர் என்று அவளுக்கே விளங்கவில்லை. எட்டிப் பார்த்த வீட்டுக்காரி மாத்தூசோ அம்மா, "ஏன்டி பொண்ணே, ஆட்டு ஈரலை அரைச்சா பூசுன?" என்று கேட்டுவிட்டுப் போனாள். கடைசியாக, சீனாக்காரர் கடையில் கெஞ்சி வாங்கிய அட்டைப்பெட்டிகளை வெட்டி, மாவுப் பசை தடவி, ஆணியும் அடித்து அந்த அரை முழத்தை அடைத்தாள். முதன்முறையாக மூக்கு விறைக்காமல் தூங்கினாள்.

மோதியேஹி திரும்பி வந்தாள். குழாயடியில் கெனெவே, "அக்கா, ஊர்ல எல்லாரும் எப்படி இருக்காங்க?" என்று கேட்டாள்.

"இருக்காங்க."

வாளியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். துக்கம் போலிருக்கிறது என்று கெனெவே விட்டுவிட்டாள். மறுநாளும் அதே முகம். சமைத்த கீரையைக் கொண்டுபோய் நீட்டினாள். கதவைப் பாதி திறந்து, "சாப்டாச்சு" என்றாள் மோதியேஹி. அறைக்குள்ளிருந்து சமைத்த வாசம் எதுவும் வரவில்லை. நான் என்ன சொல்லிவிட்டேன், யாரிடம் சொல்லிவிட்டேன் என்று கெனெவே தன் வாயிலிருந்து வந்த வார்த்தைகளை ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்தாள். ஒன்றும் அகப்படவில்லை.

பிறகு ஒருநாள் வகுப்பு முடிந்து வந்தபோது அட்டையில் ஓர் ஓட்டை இருந்தது. உள்ளங்கை அகலம். அவள் வீட்டுக்காரியிடம் ஓடினாள்.

"அம்மா, எலி வந்திருக்கு. அட்டையக் கடிச்சிருக்கு."

மாத்தூசோ அம்மா வந்து அண்ணாந்து பார்த்தாள். "நாலு பக்கமும் நேரா வெட்டியிருக்கு. ஸ்கேல் வெச்சுக் கடிக்கிற எலியை நான் பார்த்ததில்ல, தாயி."

கெனெவே வேறோர் அட்டையை வைத்து ஒட்டினாள். இரண்டாவது நாள் மறுபடியும் ஓட்டை. இப்போது அவளுக்குப் பயமும் எரிச்சலும் ஒன்றாக வந்தன. பேச மாட்டாளாம், ஆனால் வேவு பார்ப்பாளாம்! திருட என்ன இருக்கிறது இங்கே, செங்கல்லா? கேட்டுவிடுவது என்று கிளம்பியவள், நாமும் பார்த்தால் என்ன என்று நினைத்தாள். பொழுது சாய்ந்து கெனெவேயின் அறையில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. வாளியைக் கவிழ்த்து, மேலே ஏறி, ஓட்டையில் கண்ணை வைத்தாள்.

அந்தப் பக்கம் இருட்டு. அந்த இருட்டுக்குள், போர்வையைத் தோளோடு சுற்றிக்கொண்டு, ஒரு பெட்டியின்மேல் மோதியேஹி நின்றிருந்தாள். தடித்த புத்தகம் ஒன்றை ஓட்டை வழியாகச் சதுரமாக விழுந்த வெளிச்சத்தில் பிடித்திருந்தாள். வெளிச்சம் மறைந்ததும் நிமிர்ந்தாள். இருவரின் முகத்துக்கும் நடுவே ஒரு சாண்தான்.

"தலைய எடு. மறைக்குது" என்றாள் மோதியேஹி.

"உங்க ரூம்ல லைட் இல்லையா?" என்று கேட்டாள் கெனெவே.

"லைட் இருக்கு. கரண்டுக்குக் காசு போட்டாத்தானே எரியும்? போன வருஷத்துலேர்ந்து போடல."

"அப்போ இத்தன நாளா..."

"உன் பல்பு எரியும். தகரத்துல பட்டு இந்தப் பக்கம் விழும். படிப்பேன்."

"என்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாமே அக்கா!"

"எதைக் கேக்கறது? நீ குடுத்தா விழுந்துச்சு? அது பாட்டுக்கு விழுந்துச்சு. நீதான் நான் இல்லாத நேரமாப் பார்த்து அடைச்ச."

"குளிருக்கு அடைச்சேன்!"

"எனக்கு எப்படித் தெரியும்? நீ கண்டுபிடிச்சுட்ட, அதான் அடைச்சிருக்கன்னு நினைச்சேன்."

கெனெவே வாளியிலிருந்து இறங்கிக் கட்டிலில் உட்கார்ந்தாள். கோபப்பட வேண்டியது அவள்தான். அட்டை அவளுடையது, பல்பு அவளுடையது. ஆனால் அவளுக்கு என்ன குறைந்துபோனது? ஒரு பொட்டு வெளிச்சம்கூடக் குறையவில்லை. அப்படியிருக்க, ஏதோ பிடுங்கிக்கொண்டவள் போலத் தனக்கு ஏன் முகம் சுடுகிறது? "இங்கேயே வந்து படிங்களேன்" என்று கத்தினாள்.

"ஒருநாள் வரலாம். தினமும் வந்தா நீயே உள்ள தாழ்ப்பாள் போட்டுக்குவ."

இல்லை என்று சொல்ல வாயெடுத்தாள். ஆனால் அதுவும் உண்மையாக இருக்கலாம்.

மறுநாள் மாத்தூசோ அம்மாவின் தோட்டத்தில் கீரைப் பாத்திக்குப் போர்த்தியிருந்த கண்ணாடித்தாள் அவள் கண்ணில் பட்டது. ஓரத்தில் கிழிந்த துண்டு ஒன்றைக் கேட்டாள்.

"எதுக்குடி? ஈரலை மூடி வைக்கவா?"

"வெளிச்சம் போகணும், காத்து வரக் கூடாது."

வீட்டுக்காரி அவளையும் அடுத்த கதவையும் மாறி மாறிப் பார்த்தாள். ஒன்றும் கேட்காமல் கத்தரிக்கோலைக் கொண்டுவந்து கொடுத்தாள்.

அட்டையைப் பிய்த்துவிட்டு இருவருமாகத் தாளை மாட்டினார்கள். இந்தப் பக்கம் கெனெவே பிடித்தாள், அந்தப் பக்கம் மோதியேஹி ஆணி அடித்தாள். "இழு. இன்னும் இழு. சட்டிக்கு மூடி போடறியா, சுவருக்கா?" என்று பழைய குரல் வந்தது. அதைக் கேட்டு கெனெவேக்கு அழுகை வந்தது. ஏன் என்று தெரியவில்லை.

தேர்வுக்கு முந்தைய சாயங்காலம் கெனெவே கணக்குகளோடு உட்கார்ந்திருந்தபோது சுவர் தட்டப்பட்டது.

"ஏய், அந்த லைட்டைக் கொஞ்சம் அணை. தலை வலிக்குது, படுக்கணும்."

"எனக்கு நாளைக்குப் பரிட்சை அக்கா!"

"உனக்குப் பரிட்சைன்னா நான் தூங்கக் கூடாதா? வெளிச்சம் நேரா மூஞ்சியில அடிக்குது."

கெனெவே எழுந்து சுவிட்சில் கை வைத்தாள். அணைக்கவும் மனம் வரவில்லை, கையை எடுக்கவும் வரவில்லை. நியாயம் எந்தப் பக்கம் என்று சட்டம் படிப்பவளிடம்தான் கேட்க வேண்டும், அவளோ அந்தப் பக்கம் முனகிக்கொண்டிருந்தாள். கடைசியில் விளக்கை எரியவிட்டு, தன் போர்வையைச் சுற்றிக்கொண்டு வெளியே வந்து பக்கத்துக் கதவைத் தட்டினாள்.

"நீங்க என் கட்டில்ல சுவர்ப் பக்கம் திரும்பிப் படுங்க, வெளிச்சம் முதுகுலதான் படும். நான் கீழ உட்கார்ந்து படிக்கிறேன்."

மோதியேஹி தலையணையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பின்னாலேயே வந்தாள். படுத்த கையோடு குறட்டை விடத் தொடங்கினாள். சுவர் குறுக்கே இருந்தபோது இவ்வளவு சத்தமாகக் கேட்டதில்லை என்று கெனெவேக்குத் தோன்றியது. அவள் முதல் கணக்கிலிருந்து மறுபடி ஆரம்பித்தாள்.