வடிவு வீட்டுப் பாவு

அந்தத் தெருவில் தறிக்குப் பாவு நீட்டுகிற அன்றைக்கு மட்டும் யாரும் யாருக்கும் பகை இல்லை. முந்தின நாள் குழாயடியில் தலைமுடியைப் பிடித்துக்கொண்டவர்கள்கூட விடிந்ததும் வந்து ஆளுக்கொரு பக்கம் நிற்பார்கள். மூன்று புடவைக்கான பட்டு இழை தெருவின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை நீண்டு கிடக்கும்போது ஒரு வீட்டு ஆட்களால் அதைக் கட்டி மேய்க்க முடியாது. ஒரு முனையைக் கம்பத்தில் கட்டி, மறுமுனைக் கயிற்றை நாலு ஆம்பிளைகள் இழுத்துப் பிடிக்க வேண்டும். நடுவில் நிற்கிறவர்கள் கஞ்சி தெளிக்கவும், அறுந்த இழையைத் தேடி முடிச்சுப் போடவும் வேண்டும். வெயில் ஏறுவதற்குள் காயவைத்துச் சுருட்டியாக வேண்டும். கூலி என்று ஒன்றும் கிடையாது, ஒரு டம்ளர் காப்பிதான். இன்றைக்கு உனக்கு, நாளைக்கு எனக்கு. கூப்பிட்டால் போக வேண்டும். போனால் பாதியில் கையை எடுக்கக் கூடாது. செவிலிமேட்டைத் தாண்டி ஆற்றுப் பக்கம் இருக்கிற அந்தத் தெருவில் இதை மீறியவர்கள் இல்லை.

அப்படியும் கிரேஸ் பதினைந்து வருஷமாக வடிவு வீட்டுப் பாவுக்குப் போனதில்லை. அவளை யாரும் கூப்பிட்டதும் இல்லை. வடிவின் மகன் சத்யராஜ்தான் கிரேஸின் புருஷன் டேனியலைக் குத்தியவன்.

வைகாசி கருட சேவை பார்த்துவிட்டுத் திரும்பிய பையன்களுக்குள் ஏதோ வண்டித் தகராறு. எல்லாருக்கும் நல்ல போதை. விலக்கிவிடப் போன டேனியலின் விலாவில் கத்தி இறங்கியது. ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியிலேயே முடிந்துவிட்டது. சத்யராஜுக்கு ஆயுள் தண்டனை, வேலூர் ஜெயில். அன்றிலிருந்து வடிவு தண்ணீர்க் குடத்தோடு கிரேஸ் வீட்டு வாசலைத் தாண்டியதில்லை. பின்பக்கமாகச் சுற்றித்தான் போவாள். மன்னிப்பு கேட்டும் வரவில்லை, அழுதுகொண்டும் வரவில்லை. அந்த ஒரு காரியத்துக்காகவே கிரேஸுக்கு அவள்மேல் உள்ளுக்குள் ஒரு மரியாதை இருந்தது.

அப்போது தெரு மொத்தமும் கிரேஸ் பக்கம். குப்புசாமி, இப்போது வார்டு மெம்பராக இருக்கிறவர்தான், டேனியல் உடம்பை ரோட்டில் வைத்து பஸ்ஸை எல்லாம் நிறுத்தினார். தூக்கில் போடு, தூக்கில் போடு என்று தெருவே கத்தியது. நாலு வயசுப் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு கிரேஸ் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தாள். போட்டோக்காரர் வந்ததும் யாரோ அவள் முக்காட்டை விலக்கிவிட்டு, பிள்ளையின் முகத்தையும் அந்தப் பக்கம் திருப்பி வைத்தார்கள். அவள் கத்தவில்லை. உனக்கு என்ன வேண்டும் என்று அவளை ஒருத்தரும் கேட்கவும் இல்லை.

காலம் போகப் போகத் தெருவின் மனசு மாறிவிட்டது. மாறியதற்குக் காரணமும் இருந்தது. படுத்த படுக்கையாகக் கிடந்த குப்புசாமியின் அம்மாவுக்கு ரெண்டு வருஷம் பீமூத்திரம் அள்ளியவள் வடிவு. எந்த வீட்டில் சாவு விழுந்தாலும் முதலில் போய் நிற்கிறவள் அவள். புருஷனும் போய்ச் சேர்ந்த பிறகு தறிக்குழியில் தனியாக உட்கார்ந்து நெய்து சாப்பிடுகிறவள். அப்படிப்பட்ட பொம்பிளையின் மகனை முன்கூட்டியே விடுவதற்கு கவர்மெண்டு யோசிக்கிறதாம், தெருவில் விசாரிக்க ஆபீசர் வருவாராம் என்று சேதி வந்ததும் டீக்கடையில் அதே பேச்சுதான். கோடி கோடியாய் அடித்தவன் ஜாமீனில் காரில் சுற்றுகிறான், குடிபோதையில் தப்பு செய்த பையன் மட்டும் கிடந்து சாக வேண்டுமா என்றார் ஒருத்தர். கொலைக்குக் கொலைதான் சரி, வெளிநாட்டிலெல்லாம் அப்படித்தான் என்றார் இன்னொருத்தர். அவரையும் மற்றவர்கள் பேசிப் பேசி உட்கார வைத்துவிட்டார்கள். எனக்குக் கல்யாணமாகி இருபது வருஷம் ஆகுது, நன்னடத்தை பார்த்து என்னையும் விடுவாங்களா என்று லாரி ஓட்டுகிற பழனி கேட்க, கடையே சிரித்தது. கிரேஸ் பால் வாங்க வந்ததும் சிரிப்பு நின்றுபோனது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பிரசங்கம் மன்னிப்பைப் பற்றி இருந்தது. பாஸ்டர் ஐயர் யாரையும் பார்த்துச் சொல்லவில்லை. கேட்டவர்கள்தான் ஒவ்வொருத்தராகத் திரும்பி கிரேஸைப் பார்த்தார்கள்.

வீட்டில் மகள் ஏஞ்சலிடம் சேதியைச் சொல்லிப் பார்த்தாள். ஒரகடத்தில் கம்பெனி வேலைக்குப் போகிற பெண். கம்பெனி பஸ் வருகிற அவசரத்தில் தலை சீவிக்கொண்டே பதில் சொன்னாள்.

"வந்தா வரட்டுமேம்மா. அந்தாள வச்சிக்கினு நான் இன்னா பண்ணப் போறேன்? எனக்கு அப்பான்னா அந்த போட்டோதான்."

பிள்ளையைக் குற்றம் சொல்ல முடியாது. இருந்தாலும் கிரேஸுக்கு அன்றைக்கு முழுக்கச் சோறு இறங்கவில்லை.

முதல் சில வருஷம் சத்யராஜ் செத்துப்போக வேண்டும் என்று அவள் ஜெபம் பண்ணியது உண்மை. பிறகு அதுவும் தேய்ந்துவிட்டது. அப்பன் சாவுக்குப் போலீஸ் காவலோடு வந்தபோது பார்த்தாள். தலை நரைத்து, நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான். அவளுக்குப் பாவமாக இருந்தது. பாவமாக இருந்ததே என்று தன்மேலேயே கோபமும் வந்தது. ஆனால் ஒன்று மட்டும் விடவில்லை. காலையில் கண் விழித்ததும், வேலூரில் அவனும் இப்போது விழித்திருப்பான் என்று நினைப்பாள். டேனியல் என்று ஒருத்தன் இருந்தான், அவனால்தான் நான் இங்கே கிடக்கிறேன் என்று அவனுக்கு விடிந்தால் நினைவு வருமில்லையா? மகளே மறந்துவிட்ட ஆளை மறக்க முடியாமல் ஒருத்தன் இருக்கிறான். அவனும் வெளியே வந்து, வேலைக்குப் போய், கல்யாணம் கட்டிக்கொண்டால் டேனியல் சுவரில் மாட்டிய போட்டோ, அவ்வளவுதான். இதை யாரிடம் சொல்வது? சொன்னால் கல்நெஞ்சுக்காரி என்பார்கள். இது கல்நெஞ்சுதானோ என்று அவளுக்கும் சந்தேகம் இருந்தது.

ஒரு சாயங்காலம் குப்புசாமியின் சம்சாரம் சம்பூர்ணம் வந்து வாசலில் நின்றாள்.

"நாளைக்கு வடிவு வீட்டுப் பாவு. நீயும் வா கிரேஸு."

"அவங்க கூப்புட சொன்னாங்களா?"

"நான் கூப்புடுறேன்ல? தெருவே கூப்புடுற மாரிதான்."

கூப்பிட்டால் போக வேண்டும். ராத்திரி யோசித்துவிட்டு, விடிந்ததும் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு கிரேஸ் போனாள்.

அவளைப் பார்த்ததும் கஞ்சிச் சட்டியோடு வந்துகொண்டிருந்த வடிவு அப்படியே நின்றுவிட்டாள். கிரேஸ் நடுவில் போய் நின்று அறுந்த இழைகளைத் தேட ஆரம்பித்தாள். கயிற்று முனையில் குப்புசாமியும் பழனியும் இன்னும் ரெண்டு பேரும். அரக்குக் கலர் பட்டு கஞ்சி பட்டு இருண்டு கிடந்தது. பாதி வேலை ஆகியிருக்கும். தெருமுனையில் ஒரு ஆட்டோ வந்து நின்றது. கையில் பையோடு ஒரு அம்மா இறங்கினார். குப்புசாமி கயிற்றைப் பிடித்தபடியே, வாங்க மேடம், வாங்க என்று கூப்பிட்டபோதுதான் கிரேஸுக்கு விஷயம் புரிந்தது. கொலை செய்தவனின் தாயும் செத்தவனின் பெண்டாட்டியும் ஒரே பாவில் கை வைத்து நிற்பதை ஆபீசர் பார்க்க வேண்டும். அதற்காகத்தான் நாள் பார்த்துக் கூப்பிட்டிருக்கிறார்கள். ஒரு தடவை போட்டோக்காரருக்கு, இந்தத் தடவை ஆபீசருக்கு.

நன்னடத்தை அதிகாரி பாவின் ஓரமாகவே நடந்து ஒவ்வொருத்தரிடமும் கேட்டார். சத்யராஜ் வந்தால் தெருவில் தகராறு வருமா, பயமாக இருக்கிறதா என்று. கையில் இழையோடு எல்லோரும் ஒரே மாதிரிதான் சொன்னார்கள். நல்ல பையன், தாய் பாவம், நடந்தது நடந்துபோச்சு. கடைசியில் கிரேஸ் முன்னால் வந்து, குரலைத் தணித்து, வீட்டுக்குள் போய்த் தனியாகப் பேசலாமா என்று கேட்டார். கிரேஸின் ரெண்டு விரல் நுனியிலும் அறுந்த இழையின் ரெண்டு முனை இருந்தது.

"கைய எடுக்கக் கூடாதும்மா. இங்கியே கேளுங்க."

"அவர முன்கூட்டியே விடுறதுல உங்களுக்கு ஆட்சேபணை இருக்குதா?"

தெருவே காது கொடுத்தது. வடிவு சட்டிக்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இருக்குது," என்றாள் கிரேஸ்.

"காரணம் சொல்ல முடியுமா?"

"எங்க வீட்டுக்காரர் பேரு டேனியல். இத்தினி பேர் பேசினாங்களே, ஒருத்தர் வாயிலயாவது அந்தப் பேரு வந்துதா? அன்னிக்கு தூக்குல போடுன்னாங்க, என்ன கேக்கல. இன்னிக்கு விட்டுடுன்றாங்க, இதுக்கும் என்ன கேக்கல. நீங்கதான் கேட்டீங்க. அதான் சொல்றேன்."

ஆபீசர் எழுதிக்கொண்டார். குப்புசாமியின் முகம் கறுத்துவிட்டது.

"ஒரு கெழவி தலைல மண்ண அள்ளிப் போட்டுட்டியே, நல்லா இரு தாயி," என்று சொல்லிக் கயிற்றைக் கீழே போட்டார்.

அவர் போட்டதும் பழனி போட்டான். மற்ற ரெண்டு பேராலும் தாங்க முடியவில்லை. இழுத்துக் கட்டியிருந்த பாவு தொய்ந்து, ஈரத்தோடு அப்படியே மண்ணில் விழுந்தது. அங்கங்கே இழை அறுகிற சத்தம் கேட்டது. நடுவில் நின்றவர்களும் கோபத்தில் ஒவ்வொருத்தராகக் கையை எடுத்துக்கொண்டார்கள். இனிமேல் இவள் வீட்டுப் பாவை எவன் பிடிக்கிறான் பார்க்கலாம் என்று சம்பூர்ணம் சொல்லிக்கொண்டு போனாள். எல்லோரும் வடிவுக்காகத்தான் கோபப்பட்டார்கள். மண்ணில் கிடப்பது வடிவின் பாவு என்பது ஒருத்தருக்கும் தோன்றவில்லை.

ஆபீசர் நோட்டை மூடிப் பையில் வைத்தார். இன்னும் ஏதாவது சொல்ல வேண்டியிருந்தால் வெள்ளிக்கிழமைக்குள் ஆபீசுக்கு வரலாம் என்று பொதுவாகச் சொல்லிவிட்டு ஆட்டோவில் ஏறினார்.

தெருவில் ரெண்டு பொம்பிளைகள் மட்டும் மிஞ்சினார்கள். கிரேஸ் கையிலிருந்த இழையை முடிந்து முடித்தாள். நிமிர்ந்து பார்த்தபோது வடிவு கயிற்று முனையைத் தூக்க முடியாமல் தூக்கி, கரண்ட் கம்பத்தில் சுற்றப் பார்த்துக்கொண்டிருந்தாள். கிரேஸ் போய் ஒரு கை கொடுத்தாள். கட்டினார்கள். மண்ணைத் தட்டினார்கள். ஒருத்தி இந்த ஓரமும் மற்றவள் அந்த ஓரமுமாக அறுந்த இழைகளைத் தேடித் தேடி முடிந்தார்கள். வெயில் ஏறிவிட்டது. ஏழெட்டுப் பேர் செய்கிற வேலை. கதவிடுக்கில் தெரு பார்த்துக்கொண்டிருந்தது. ஒருத்தரும் இறங்கி வரவில்லை.

சுருட்ட வேண்டிய நேரம் வந்தது. கிரேஸ் கயிற்றை அவிழ்த்து இடுப்பில் சுற்றிக்கொண்டு, பின்னால் சாய்ந்து விறைப்பாக நின்றாள். தெருவின் அந்த முனையில் வடிவு பாவு சுற்றுகிற மர உருளையைச் சுருட்டத் தொடங்கினாள். அவள் ஒரு சுற்றுச் சுற்றினால் இவள் அந்த அளவு முன்னால் போக வேண்டும். அதிகம் விட்டால் தொய்யும், விடாவிட்டால் அறும். பதினைந்து வருஷமாக ஒருத்தி வாசலை ஒருத்தி மிதிக்காதவர்கள், நேருக்கு நேர் பார்த்தபடி கொஞ்சம் கொஞ்சமாகக் கிட்டே வந்தார்கள்.

பேச்சு காதில் விழுகிற தூரம் வந்ததும் வடிவு வாயைத் திறந்தாள்.

"உன்ன கூப்புட சொன்னது நான் இல்ல."

"தெரியும்."

"ஆபீசர் வர்றதும் தெரியாது எனக்கு."

கிரேஸ் தலையாட்டினாள். இன்னும் ரெண்டு சுற்று.

"இந்த மொனைய எப்பவும் டேனியலுதான் புடிப்பான். வாயில பீடி எரிஞ்சிக்கினே இருக்கும். பட்டு மேல ஒரு பொறி வுழுந்தது கெடயாது."

கிரேஸின் கால் நின்றுவிட்டது. பாவு விண்ணென்று இழுத்தது. அந்தப் பீடியை அவள் மறந்தே போயிருந்தாள். பாவுப் பக்கத்தில் அதை வைத்துக்கொண்டு நிற்காதே என்று எத்தனை நாள் திட்டியிருக்கிறாள். அது இத்தனை காலம் இந்தக் கிழவியிடம் பத்திரமாக இருந்திருக்கிறது.

"அவன் இன்னா சொல்றான்? இவரப் பத்தி?" என்று கேட்டாள். பதினைந்து வருஷத்தில் அவள் வடிவிடம் கேட்ட முதல் கேள்வி.

வடிவு உருளையைப் பார்த்தபடியே சொன்னாள். "பாக்கப் போனா மொதல்ல ஏஞ்சல் இன்னா படிக்குதுன்னுதான் கேப்பான். நான் சொல்ல மாட்டேன். அத கேக்க உனக்கு வாயி இல்லடான்னுவேன். அடுத்த தபா போனா மறுபடியும் அதையே கேப்பான்."

கடைசிச் சுற்றும் முடிந்தது. ரெண்டு பேருக்கும் நடுவில் உருளைதான் இருந்தது.

"மாத்திச் சொல்லுன்னு நான் கேக்க மாட்டேன் கிரேஸு."

"கேக்காதீங்க."

ரெண்டு பேருமாக உருளையைத் தூக்கித் தறி வீட்டுக்குள் வைத்தார்கள். உள்ளே இருட்டாக இருந்தது. கிரேஸ் வாசற்படியில் வந்து நின்று விரலில் காய்ந்த கஞ்சியை நகத்தால் உரித்தாள். இந்தத் தெருவில் இனி யாரும் அவளைப் பாவுக்குக் கூப்பிட மாட்டார்கள். வெள்ளிக்கிழமைக்கு இன்னும் நாள் இருந்தது. போவாளா, போனால் என்ன சொல்வாள் என்று அவளுக்கே தெரியவில்லை. காலையில் சொன்னது பொய் இல்லை. இப்போது கேட்டதும் பொய் இல்லை. ரெண்டையும் ஒரே நெஞ்சில் எங்கே வைப்பது?

"உள்ள இன்னும் அறுந்த எழ இருக்குது அத்த," என்றாள். "தறியில ஏத்தும்போது தெரியும். அப்ப கூப்புடுங்க. நீங்களே வந்து கூப்புடுங்க."

முன்வாசல் வழியாகவே இறங்கி, கதவுகளைப் பார்க்காமல் வீட்டுக்கு நடந்தாள்.