இரண்டு மாப்பிள்ளைகள், இரண்டு பெரிய போன்கள்

எனக்கு வாய்த்த மாப்பிள்ளைகள் இரண்டு பேரும் தங்கமானவர்கள், தனித்தனியாக இருக்கும்வரை. ஒரே அறையில் உட்காரவைத்தால் எலியும் பூனையும்தான். மூத்தவர் ஜன்னல்களுக்குக் கண்ணாடி வெட்டிப் பொருத்துகிறவர். இளையவர் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவர். மூத்தவர் ஒரு கம்பெனியின் போனைத் தவிர வேறு எதையும் கையால் தொடமாட்டார். அதற்காகவே இளையவர் போட்டிக் கம்பெனி போனுக்கு மாறிவிட்டார் என்பது என் சந்தேகம். சகலைகள் ஒற்றுமையாக இருக்க வேண்டும் என்று எந்தச் சட்டத்திலும் எழுதவில்லையே.

அந்த இருவரிடமும், "எனக்கு ஒரு பெரிய போன் வேணும், இருக்கிறதுலயே பெருசா," என்று ஒரே நாளில் வாயைக் கொடுத்தேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

"எதுக்கு அத்தை திடீர்னு?" என்று இருவருமே கேட்டார்கள்.

"தொடர் பார்க்க," என்றேன். அது பொய்.

உண்மை இதுதான். நான் பேருந்து நிலையத்தில் அறிவிப்பாளர். இருபத்துமூன்று வருடமாக ஒலிபெருக்கியில் கேட்கிற குரல் என்னுடையது. எந்தப் பேருந்து, எங்கே போகிறது, எந்த நடைமேடையில் நிற்கிறது என்று ஒவ்வொன்றையும் இரண்டு தடவை சொல்ல வேண்டும். என் முகத்தைப் பார்த்து யாரும் ஒரு வணக்கம் வைத்ததில்லை. ஆனால் கடையில் நின்று உப்பு கேட்டால் பக்கத்தில் நிற்பவர் சட்டென்று திரும்பிப் பார்ப்பார். அதில் எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு, இல்லை என்று சொன்னால் நாக்கு அழுகிவிடும்.

இரண்டு வருடமாக என் கண்ணின் நடுவில் ஒரு மங்கல். ஓரத்துப் பார்வை போகாது, நடுப்பார்வை திரும்பாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். எதிரில் நிற்பவரின் காது தெரியும், தோள் தெரியும், முகம் இருக்க வேண்டிய இடத்தில் புகை. இதை நான் யாரிடமும் சொல்லவில்லை. பெற்ற மகள்களிடம்கூடச் சொல்லவில்லை. அட்டவணை முழுவதும் மனப்பாடம் என்பதால் காகிதத்தைக் கையில் பிடித்துக்கொண்டு மனதிலிருந்து படித்தேன். யாருக்கும் தெரியவில்லை.

போன மாதம்வரை சிக்கலும் வரவில்லை. அன்று ஒரு பேருந்தின் நடைமேடையை ஏழிலிருந்து ஒன்பதுக்கு மாற்றி, ஒரு துண்டுச்சீட்டில் எழுதி அனுப்பியிருந்தார்கள். என்னால் அதைப் படிக்க முடியவில்லை. பழக்கத்தில் ஏழு என்றே சொன்னேன். அரை மணி நேரம் கழித்து ஒரு பெண் என் அறை ஜன்னலுக்கு வந்து நின்றாள். பரீட்சைக்குப் போக வேண்டியவள்.

"ஏழுன்னுதானே சொன்னீங்க? நான் ஏழுலயேதான் நின்னேன்," என்றாள்.

குரலில் கோபமே இல்லை, அழுகைதான் இருந்தது. நான் என்ன செய்தேன் தெரியுமா? "சீட்டுல அப்படித்தான் எழுதியிருந்தது," என்றேன். சீட்டு எழுதிய எழுத்தர் திட்டு வாங்கினார். அவர் எழுதியது சரி என்று அவர் சொல்லிப் பார்த்தார், என் இருபத்துமூன்று வருட அனுபவத்துக்கு முன்னால் அவர் பேச்சு எடுபடவில்லை. அந்த வாரம் முழுக்க எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

இந்த நிலையில் புதிதாக வந்த நிலைய மேலாளர் மேடம், "இனிமே காகிதமே கிடையாது. எல்லா மாற்றமும் குரூப்ல மெசேஜா வரும். போனைப் பார்த்துப் படிங்க. திங்கட்கிழமை நான் பக்கத்துலயே உக்காந்து பார்க்கறேன். சரிப்படலைன்னா பதிவு செஞ்ச குரல் போட்டுடலாம்," என்று சொல்லிவிட்டார். என்னைவிடப் பதினைந்து வயது சின்னவர். பேச்சில் வழவழா கொழகொழா எதுவும் கிடையாது.

அதனால்தான் பெரிய போன்.

சனிக்கிழமை காலை இரண்டு மாப்பிள்ளைகளும் ஆளுக்கொரு பெட்டியோடு வந்து இறங்கினார்கள். பிடிக்காவிட்டால் ஒரு வாரத்தில் திருப்பிக் கொடுத்துவிடலாமாம். மகள்கள் இருவரும், "இந்தக் கூத்துக்கு நாங்க வரல," என்று போனிலேயே சொல்லித் தப்பித்துக்கொண்டார்கள்.

"ஆறு புள்ளி ஒன்பது இன்ச், அத்தை," என்று மூத்தவர் தன் போனைச் சாப்பாட்டு மேசையில் வைத்தார். "இதைவிடப் பெருசு கடையில இல்ல."

இளையவர் கொண்டுவந்தது ஆறு புள்ளி ஏழு. அவர் அசரவில்லை. "லாரி பெருசுன்னு எல்லாரும் லாரியா வாங்கறாங்க? கைக்கு அடங்கணும் அண்ணே."

"அடங்கறதா? உன் போன் செங்கல் மாதிரி அகலமா இருக்கு. அதைக் கையில பிடிக்கவே ஒரு ஆள் வேணும்."

அதன் பிறகு நடந்ததை எல்லாம் எழுதினால் மானம் போய்விடும். எதிர்க் கட்டடத்தில் காயும் துணியில் எத்தனை கிளிப் இருக்கிறது என்று இரண்டு கேமராவாலும் எண்ணினார்கள். ஒன்றின் மேல் தண்ணீர் ஊற்றினார்கள். இன்னொன்றில் பாட்டை அலறவிட்டார்கள். பிறகு என்னைப் படம் எடுத்தார்கள். மூத்தவர் போனில் என் சுருக்கம் ஒவ்வொன்றும் எண்ணி எடுக்கும்படி விழுந்ததாம். இளையவர் போன் என்னை முப்பது வயது குறைத்துவிட்டதாம். "யாரு இந்தப் பொண்ணு?" என்று மூத்தவர் கேட்டதற்கு எனக்கே சிரிப்பு வந்துவிட்டது.

இத்தனையிலும் ஒருவராவது அதில் ஒரு எழுத்தைப் பெரிதாக்கிக் காட்டவேண்டுமே! அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. தொடர் பார்க்க என்று கேட்டவள் நான்.

கடைசியில் இளையவர், "நீங்க பேசினா அதுவே எழுதிடும் அத்தை," என்று ஒரு வித்தை காட்டினார். உடனே மூத்தவரும் தன் போனில் அதையே காட்டினார். எனக்கு அது போதும். டீ போட்டு வருகிறேன் என்று இரண்டு போனையும் எடுத்துக்கொண்டு சமையலறைக்குள் போய்க் கதவைச் சாத்தினேன். அடுப்பைப் பற்றவைத்துவிட்டு, மெதுவாகச் சொன்னேன்: "பயணிகள் கவனத்துக்கு. துறைமுகம் செல்லும் பதினெட்டாம் எண் பேருந்து ஆறாம் நடைமேடையிலிருந்து புறப்படும்."

மெதுவாக என்பது என் நினைப்பு. இருபத்துமூன்று வருடம் மைக்குக்குப் பழகிய தொண்டைக்கு மெதுவாகப் பேச எங்கே தெரியும்? வீடே கேட்டது. நான் எழுத்தைப் பெரிதாக்கி, போனை முகத்துக்கு அருகில் கொண்டுபோய், தலையைச் சாய்த்து ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தபோது கதவு திறந்தது. இரண்டு பேரும் நின்றுகொண்டிருந்தார்கள்.

"என்ன அத்தை, துறைமுகத்துக்கு இங்கேருந்தே பஸ்ஸா?" என்றார் மூத்தவர்.

இளையவர் சிரிக்கவில்லை. என் கையிலிருந்த தன் போனை வாங்கி, விரலால் எதையோ தட்டி, திரும்ப நீட்டினார். "படிங்க அத்தை."

"துறைமுகம் செல்லும் பதினெட்டாம் எண் பேருந்து ஆறாம் நடைமேடையிலிருந்து..."

"நான் அதைப் பன்னிரண்டாம் மேடைன்னு மாத்திட்டேன்."

பால் பொங்கி அடுப்பில் வழிந்தது. யாரும் அடுப்பை அணைக்கப் போகவில்லை.

"எங்கிட்ட கத்துக்க வர்றவங்கள்ல சிலபேரு இப்படித்தான்," என்றார் இளையவர். "கண் பரிசோதனைப் பலகையை மனப்பாடம் பண்ணிட்டு வந்து ஒப்பிப்பாங்க. தலையை இப்படித்தான் சாய்ப்பாங்க. எத்தனை நாளா அத்தை?"

குட்டு வெளிப்பட்டுவிட்டது. அங்கேயே முக்காலியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். மங்கலைச் சொன்னேன், திங்கட்கிழமையைச் சொன்னேன், பரீட்சைப் பெண்ணையும் எழுத்தரையும் சொன்னேன். சொல்லும்போது அழுதேன். மாப்பிள்ளைகள் முன்னால் அழுவது அதுதான் முதல் தடவை. வெட்கமாக இருந்தது, ஆனால் நெஞ்சிலிருந்து ஒரு பாறாங்கல்லை இறக்கிவைத்த மாதிரியும் இருந்தது.

மூத்தவர் அடுப்பை அணைத்தார். இரண்டு போனையும் மேசைக்குக் கொண்டுபோய் அதே வரிகளைத் திரையில் வைத்தார். "எந்த அளவுல உங்களுக்கு எழுத்து தெரியுதுன்னு சொல்லுங்க," என்று மெல்ல மெல்லப் பெரிதாக்கினார். கட்டைவிரல் நகம் அளவு வந்ததும் எனக்குத் தெரிந்தது. நேரே இல்லை, கொஞ்சம் ஓரமாகப் பார்த்தால் தெரிந்தது. இரண்டிலும் ஒரே அளவு வைத்தார். இளையவர் என் முதுகுக்குப் பின்னால் திரும்பி நின்று எண்களையெல்லாம் மாற்றிவைத்தார்.

மூத்தவர் போனை முதலில் படித்தேன். "நடை..." என்று தொடங்கி, "மேடையி..." என்று தேடி, "லிருந்து" என்று முடித்தேன். அந்த அளவு எழுத்தில் ஒரு சொல் மூன்று துண்டாகிக் கீழே கீழே விழுந்திருந்தது. துண்டு பொறுக்கிச் சேர்ப்பதற்குள் எண்ணை மறந்துபோனேன். இளையவர் போனில் அந்தச் சொல் இரண்டு வரியில் முடிந்தது, எண்கள் உடையவே இல்லை. தடுமாறாமல் படித்தேன்.

"அதெப்படி? என்னுதுதானே பெருசு?" என்றார் மூத்தவர். பையிலிருந்து அளவு நாடாவை எடுத்தார். குறுக்கே வைத்தார், நீளத்தில் வைத்தார், பிறகு மூலைக்கு மூலை வைத்துப் பார்த்துவிட்டுத் தலையில் கைவைத்துக்கொண்டார்.

"மூலைக்கு மூலை அளந்து இன்ச் சொல்லியிருக்கான்! ஜன்னல் சட்டம் கோணலா இருக்கான்னு பார்க்கத்தான் நான் அப்படி அளப்பேன். அந்த அளவை வெச்சு யாராவது கண்ணாடி வெட்டுவாங்களா? என்னுது நீட்டமா இருக்கு, அகலம் அஞ்சு மில்லிமீட்டர் கம்மி. இருபது வருஷமா அளக்கறவன், நானே ஏமாந்துட்டேன்."

"படுக்கவெச்சுப் பார்க்கலாமா?" என்றேன், அவர் முகம் வாடுவதைப் பொறுக்காமல். படுக்கவைத்தால் இரண்டே வரிதான் தெரிந்தது. நடைமேடை எண் வருவதற்குள் பேருந்தே போய்விடும்.

ஆனைக்கும் அடி சறுக்கும் என்று இளையவர் ஒரு போடு போடுவார் என்று பயந்துகொண்டிருந்தேன். அவரோ, "அண்ணே, உங்க போன்ல கறுப்புல வெள்ளை எழுத்து பளிச்னு இருக்கே, இதுல அப்படி எப்படி வைக்கறது?" என்று கேட்டார். கல்யாணமாகி ஆறு வருடத்தில் அவர் தன் சகலையிடம் ஒரு விஷயம் கேட்டு நான் பார்த்ததில்லை. மூத்தவர் நாற்காலியை இழுத்து அவர் பக்கத்தில் போட்டுக்கொண்டார்.

ஞாயிறு முழுக்க எனக்குப் பயிற்சி. மகள்களும் விஷயம் கேட்டு ஓடிவந்து, "எங்ககிட்ட ஏம்மா சொல்லல?" என்று திட்டித் தீர்த்துவிட்டு, பிறகு அவர்களும் சேர்ந்துகொண்டார்கள். அடுத்த அறையிலிருந்து ஆளாளுக்கு மெசேஜ் அனுப்புவார்கள், நான் ஓரப்பார்வையால் பிடித்துப் படிக்க வேண்டும். மூத்தவர் நாற்பத்துமூன்றாம் நடைமேடை என்று அனுப்பினார். "எங்க ஸ்டேஷன்ல மொத்தமே பதினாலுதான் மாப்பிள்ளை," என்றேன். "பார்த்துத்தான் படிக்கறீங்கன்னு உறுதியாயிடுச்சு," என்றார்.

கிளம்பும்போது இளையவர் வாசலில் நின்றார். "திங்கட்கிழமை மேடம்கிட்ட சொல்லிடுங்க அத்தை."

"சொன்னா வேலை போயிடும்பா."

"கண்ணாடி போட்டுட்டு வண்டி ஓட்டலாம். மறைச்சுட்டு ஓட்டக்கூடாது."

எனக்குச் சுருக்கென்றது. கோபம்கூட வந்தது. ராத்திரி படுத்தபோது கோபம் போய்விட்டது, சொன்னது மட்டும் போகவில்லை.

திங்கட்கிழமை காலை என் அறையில் மேலாளர் எனக்கு முன்பே வந்து உட்கார்ந்திருந்தார். ஜன்னலுக்கு வெளியே பதினான்கு நடைமேடைகளும் நிரம்பி வழிந்தன. போனை மைக் பக்கத்தில் சாய்த்துவைத்தேன்.  இப்போது சொல்லாவிட்டால் எப்போதும் சொல்லமாட்டேன் என்று தெரிந்தது.

"மேடம், ஒண்ணு சொல்லணும். எனக்குக் கண்ணுல நடுப்பார்வை இல்ல. போன மாசம் ஏழுன்னு தப்பாச் சொன்னது நான்தான். சீட்டு சரியாத்தான் இருந்தது. நான் படிக்கல. எழுத்தர்மேல தப்பே இல்ல."

அவர் முகம் எப்படி மாறியது என்று எனக்குத் தெரியாது. அந்த இடத்தில் எனக்குப் புகைதான். பேனாவை மேசையில் வைக்கும் சத்தம் மட்டும் கேட்டது.

"இப்போ படிக்க முடியுமா?" என்றார்.

"இதுல முடியும்."

"எழுத்தர்கிட்ட நீங்களே போய் இதைச் சொல்லணும்."

"மத்தியானம் சொல்றேன் மேடம்."

அவர் பதில் சொல்வதற்குள் போன் ஒலித்தது. மாற்றம் வந்திருந்தது. இருபத்துமூன்று வருடமாக நாலாம் மேடையிலிருந்து போகிற வண்டி அது. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் நாலு என்றுதான் சொல்வேன். நான் தலையைச் சாய்த்தேன். கறுப்பில் வெள்ளையாக, உடையாமல், இரண்டு இலக்கம் தெரிந்தது. மைக்கை அழுத்தினேன்.

"பயணிகள் கவனத்துக்கு. மருத்துவமனை வழியாகச் செல்லும் முப்பத்தோராம் எண் பேருந்து, இன்று பதினொன்றாம் நடைமேடையிலிருந்து புறப்படும்."

ஜன்னல் பக்கம் திரும்பினேன். யார் முகமும் எனக்குத் தெரியவில்லை. ஆனால் ஓரத்தில் அசைவது எல்லாமே தெரியும். நாலாம் மேடையில் நின்ற கூட்டம் முழுவதும் பைகளைத் தூக்கிக்கொண்டு பதினொன்றை நோக்கி நகர்ந்தது. என் வார்த்தை சரிதானா என்று ஒருவரும் நின்று யோசிக்கவில்லை.

மேலாளரும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்திருக்க வேண்டும். நாற்காலியை மேசைக்கு அருகில் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"ரெண்டாவது தடவை சொல்லலையா?" என்றார். "ஓடி வர்றவங்களுக்கும் கேக்கட்டும்."