நாலு மணிப் படகு

ஈசா மணிக்கு என்ற மாலத்தீவுக்காரர் தன் மகள் யும்னாவோடு பேசி இரண்டு வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. அன்று வெள்ளிக்கிழமைத் தொழுகை முடிந்து வந்தவர், இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையைத் தானாகவே எடுத்து மாட்டிக்கொண்டார். மனைவி வஹீதா அதைப் பார்த்தும் பார்க்காதவள் போல மீன் பஜியாவைப் பொட்டலம் கட்டினாள். ஒரு வார்த்தை சொன்னாலும் மனிதர் சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டுப் படுத்துவிடுவார் என்று அவளுக்குத் தெரியும்.

"நாலு மணிப் படகாம். அவதான் ஓட்டுறா. உங்க பேர்ல அனுமதி வாங்கி வச்சிருக்காளாம். ராத்திரி தீவுலயே தங்கலாம்னா," என்றாள், வாசலுக்கு வந்த பிறகு.

"நான் ஒண்ணும் அவளுக்காகப் போகலை. படகு எப்படி ஓட்டுறான்னு பார்த்துட்டு வரலாம்னுதான்."

"சரி, படகையே பாருங்க. யாரு வேண்டாம்னா?"

நாற்பது வருடம் மாலேக்கும் தெற்குத் தீவுகளுக்கும் இடையே சரக்குப் படகு ஓட்டிய மனிதர் அவர். மகள் சுற்றுலாத் தீவில் படகு வேலைக்குப் போகிறேன் என்றபோது, "சாராயம் விக்கிற இடத்துக்குப் போறவ திரும்பி இந்தப் படி ஏற வேண்டாம்" என்று கத்திவிட்டார். அவள் ஏறவில்லை. அவர் பேச்சை அந்த வீட்டில் அதுவரை யாரும் அவ்வளவு ஒழுங்காகக் கேட்டதில்லை. கோபம் போன பிறகும் ரோஷம் போகவில்லை, அதுதான் சங்கடம்.

பாலம் தாண்டி பஸ் அவரை விமான நிலையத்தில் இறக்கிவிட்டபோது மணி இரண்டுகூட ஆகவில்லை. எதிரே, தண்ணீருக்கு அந்தப் பக்கம், மாலே முழுவதும் மாடி மேல் மாடியாக நெருக்கிக்கொண்டு நின்றது. விமானத்திலிருந்து இறங்கிய வெள்ளைக்காரர்கள் அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு படகுகளில் ஏறிக்கொண்டிருந்தார்கள். மாலேயைப் பார்க்க யாரும் வருவதில்லை, மாலே வழியாகப் போகத்தான் வருகிறார்கள் என்று ஈசா மணிக்கு அடிக்கடி திட்டுவார்.

இவ்வளவு முன்னால் படகுத்துறையில் போய் நின்றால் மகளுக்காக ஏங்கிப்போய் வந்த மாதிரி இருக்கும். அது கூடாது. அதனால் துறைக்கு எதிரே இருந்த டீக்கடைக்குள் போய், சுவரைப் பார்த்த நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார். பால் இல்லாத டீயும் மீன் உருண்டையும் வந்தன. கூடவே ஸகரிய்யாவும் வந்து சேர்ந்தான். பழைய சிநேகிதன். ஓய்வு பெற்ற பிறகு அந்தக் கடையே கதியென்று கிடப்பவன்.

"என்னடா, பொண்ணு பார்க்கப் போறவன் மாதிரி அத்தர் பலமா இருக்கு?"

"சும்மா வந்தேன்."

"சும்மா வந்தவன் எதுக்குடா சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கே? இப்படித் திரும்பு, கடல் தெரியும்."

"கடலை நிறையப் பார்த்தாச்சு."

"உன் பொண்ணு வர்ற துறை அதுதானே? அவ தேடிக்கிட்டு வரட்டும்னு உட்கார்ந்திருக்கே. கிழவா, உனக்கு இன்னும் கொழுப்பு அடங்கலை!"

ஈசா மணிக்கு டீயை உறிஞ்சினார். பின்னால் ஒரு விசைப்படகு வந்து அணைந்தது. அவர் திரும்பவில்லை, ஆனால் காது சும்மா இருக்குமா? எஞ்சினை உறுமவிடாமல், அலையோடு சண்டை போடாமல், மெதுவாகக் கரையில் ஒட்டிய விதத்தைக் கேட்டு, ஓட்டுகிறவன் யாரோ கெட்டிக்காரன் என்று நினைத்துக்கொண்டார். கொஞ்ச நேரம் கழித்து ஹாரன் ஒலித்தது. மறுபடியும் ஒலித்தது. அப்புறம் படகு கிளம்பிப் போயிற்று. அவர் இன்னொரு மீன் உருண்டை கேட்டார்.

நாலு மணி நெருங்கியதும் எழுந்து, சட்டையை நீவிவிட்டு, அப்போதுதான் பஸ்ஸில் வந்து இறங்கியவர் மாதிரி துறைக்கு நடந்தார். அங்கே வேறு வேறு தீவுகளின் படகுகள் நின்றன. மகளைக் காணோம். நாலு மணி தாண்டியது. வெயில் முதுகில் காய்ந்தது. பழி வாங்கிவிட்டாள் என்று தோன்றியதும் அவருக்கு நெஞ்சு எரிந்தது. வரச்சொல்லி அவமானப்படுத்த வேண்டும் என்றே செய்திருக்கிறாள். பொட்டலத்தைக் கடலில் வீசிவிட்டுப் போகலாமா என்று யோசித்தார்.

விருந்தாளிகளின் பெயர் எழுதிய அட்டையோடு நின்ற ஒரு வாலிபன் கிட்டே வந்தான். ஷிமாஸ் என்று சட்டையில் எழுதியிருந்தது.

"மாமா, நீங்க யும்னா கேப்டனோட வாப்பாவா?"

இல்லை என்று சொல்ல நாக்கு துடித்தது. "ஆமா," என்றார்.

"படகு மூணு மணிக்கே போயிருச்சே மாமா."

"நாலுன்னுதானே சொன்னா!"

"எங்க தீவுல நாலு. இங்க மூணு."

ஈசா மணிக்கு நெற்றியில் அடித்துக்கொண்டார். பல சுற்றுலாத் தீவுகளில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளி வைத்திருப்பார்கள், விருந்தாளிகளுக்குச் சாயங்கால வெளிச்சம் நீளமாகக் கிடைக்க வேண்டுமாம். அந்தத் தீவுகளுக்குச் சரக்கு ஏற்றியபோது, எந்த ஊர் மணி என்று கேட்காமல் வந்த பையன்களை அவரே எத்தனை தடவை திட்டியிருக்கிறார்!

"சூரியனைக் கேட்டுட்டா தள்ளி வச்சாங்க?" என்றார் எரிச்சலாக.

"எப்பவும் 'மாலே நேரம்'னு சேர்த்துத்தான் சொல்லுவோம் மாமா. நீங்க வர்ற சந்தோஷத்துல கேப்டனுக்கு மறந்திருக்கும். பத்து நிமிஷம் படகை நிறுத்தி வச்சுது தெரியுமா? விருந்தாளிங்க முணுமுணுக்குறாங்க, வயர்லெஸ்ல ஆபீஸ்காரங்க திட்டுறாங்க, அது பஸ் வர்ற பக்கமே பார்த்துக்கிட்டு நிக்குது. 'வர்றேன்னு சொன்னா வந்துருவார்'னுச்சு. ரெண்டு தடவை ஹாரன் அடிச்சதுகூட உங்களுக்குத்தான்."

டீக்கடை அங்கிருந்து கூப்பிடு தூரம்கூட இல்லை. ஈசா மணிக்கு அதைத் திரும்பிப் பார்த்தார். தான் உட்கார்ந்திருந்த நாற்காலியின் முதுகு அங்கிருந்தே தெரிந்தது. வெட்கமாக இருந்தது. வெட்கத்தைவிட அதிகமாக வலித்தது.

"போன் போட்டுத் தரட்டுமா மாமா?"

"வேண்டாம். ஓட்டுறப்ப அவ எடுக்க மாட்டா. மறுபடி எப்ப வருவா?"

"பொழுது சாயறதுக்குள்ள வந்துரும். நிழல்ல உட்காருங்க. டீ வாங்கிட்டு வரவா?"

"டீ குடிச்சதெல்லாம் போதும்," என்று சொல்லிவிட்டு, ஈசா மணிக்கு துறையின் முனையில், யார் வந்தாலும் முதலில் கண்ணில் படுகிற இடத்தில் போய் வெயிலில் நின்றார்.

அடுத்த படகுக்குக் காத்திருந்த ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி மாலேயைக் காட்டி ஷிமாஸிடம் ஏதோ கேட்டாள்.

"என்ன கேக்குது?"

"அந்த ஊர்ல பார்க்கிறதுக்கு ஏதாவது இருக்கான்னு கேக்குறாங்க மாமா."

"மனுஷங்க இருக்காங்கன்னு சொல்லு."

வழக்கமாக இதற்கு மேலும் நாலு வார்த்தை சொல்வார். அன்று வாய் வரவில்லை. கைக்கெட்டும் தூரத்தில் பெற்ற மகள் நின்றிருக்க, சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தவர், ஊரைப் பார்க்காமல் போகிறவர்களை எந்த முகத்தோடு திட்டுவது?

வெயில் இறங்கும் நேரத்தில் படகு வந்தது. யும்னா தொப்பியும் சீருடையுமாகச் சக்கரத்தைப் பிடித்து நின்றாள். அவரைக் கண்டதும் முகம் ஒரு கணம் மலர்ந்து, உடனே இறுகியது. படகைக் கட்டச் சொல்லிவிட்டு விளிம்புக்கு வந்தாள்.

"எப்ப வந்தீங்க வாப்பா?"

"நேரக் குழப்பம் கேப்டன்," என்று ஷிமாஸ் முந்திக்கொண்டான். "மாமா நம்ம நாலு மணியை மாலே நாலு மணின்னு நினைச்சு..."

அதுவே போதுமானதாக இருந்தது. யார் மேலும் குற்றமில்லாத பதில். அதைப் பிடித்துக்கொண்டிருந்தால் ஈசா மணிக்குவின் மானமும் கப்பலேறாமல் இருந்திருக்கும்.

"நீ சும்மா இருப்பா," என்றார் அவர். "ரெண்டு மணிக்கு முன்னாடியே வந்துட்டேன் யும்னா. அதோ, அந்தக் கடையிலதான் இருந்தேன். நீ ஹாரன் அடிச்சது கேட்டுச்சு. நீதான்னு தெரியாது. ஆனா திரும்பிப் பார்த்திருந்தா தெரிஞ்சிருக்கும். பார்க்கலை."

"ஏன்?"

"நான் காத்திருக்கேன்னு உனக்குத் தெரியக்கூடாதுன்னு."

விருந்தாளிகள் பெட்டிகளோடு வரிசையில் நின்றார்கள். யும்னா அவர்களைக் கவனிக்கவில்லை.

"பத்து நிமிஷம் வாப்பா," என்றாள். "பஸ் கவுந்துருச்சோன்னு நினைச்சேன். உங்களுக்கு நெஞ்சு வலி வந்துருச்சோன்னு நினைச்சேன். மௌத்தே ஆயிட்டீங்களோன்னுகூட நினைச்சுட்டேன். வர மாட்டீங்கன்னு மட்டும் எனக்குத் தோணவே இல்லை."

இத்தனை வயதில் எந்தப் படகிலும் அவர் அடுத்தவர் கையைப் பிடித்து ஏறியதில்லை. மகள் கையை நீட்டியதும் பிடித்துக்கொண்டு ஏறினார்.